நாலு விரல் தரகு

அப்பாவுக்கு வலக்கையில் நாலு விரல்.
மோதிர விரலைக் கயிறு தின்றது
பேரணாம்பட்டுக் கணவாயில்,
கோலாரிலிருந்து ஓட்டிவந்த மயிலைக்காளை
சிறுத்தை வாடைக்கு மிரண்ட இரவில்.
விரலைத் தேடவில்லை. காளையைத் தேடினார்.
விடிவதற்குள் கிடைத்தது.
நாற்பத்திரண்டு ரூபாய்க்கு விற்றார்.

பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமைதோறும்
துண்டுக்குள் கைகள் விலை பேசும்,
வெளியே வாய்கள் மழை பேசும்.
கன்னியப்ப நாயக்கர் கையைப் பிடித்தவன்
இல்லாத விரலையும் எண்ணவேண்டும்.
அந்தக் குழிவில் அழுத்தினால் அரை ரூபாய்.
வேறெந்தத் தரகன் கையிலும்
செல்லாத நாணயம் அது.

வீட்டிலும் அதே வழக்கம்.
அம்மா பூங்காவனம் வாயால் எதையும் கேட்டதில்லை.
விளக்கணைந்தபின் போர்வைக்குள்
அவள் பிடித்த விரல்கள்தான் எங்களுக்கு
உப்பு, கருப்பட்டி,
செங்கேணி அக்காவின் மூக்குத்தி.
தூங்குவதுபோல் கிடந்த அக்கா கேட்டிருக்கிறாள்:
"அரை ரூபாய்க்கு இப்போது என்ன?"
"ஒன்றுமில்லை. இன்னும் வலிக்குதான்னு பார்த்தேன்."

ஏழு பிறந்து மூன்று தங்கினோம்.

பிறகு தாது வருஷம்.
பாலாற்றில் மணல் மட்டும் ஓடிற்று.
பல்லைப் பிடித்துப் பார்ப்பதை விட்டார்கள்,
சுழி பார்ப்பதை விட்டார்கள்.
ராஜசுழிக்கும் பாடைச்சுழிக்கும் ஒரே விலை:
உயிரோடு ஒரு ரூபாய்,
தோலாக ஒன்றேகால்.
அந்த நாலணா இடைவெளியில்
நாங்கள் சாப்பிட்டோம்.

வாணியம்பாடி தாவூத் சாயபு மண்டிக்கு
வண்டி வண்டியாய்ப் போயிற்று.
எழுதத் தெரிந்தவன் என்பதால்
எண்ணும் வேலை எனக்கு. வயது பதினாலு.
மார்கழியில் நானூற்றுப் பதினொன்று.
தை மாதப் பக்கத்தில் மை கலைந்திருக்கும்.
கண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம்.
சுண்ணாம்புத் தண்ணீர்.

விற்க வந்தவர்கள் துண்டுக்குள் கை விடவில்லை.
கயிற்றை அப்பா காலடியில் போட்டுவிட்டு
கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடந்தார்கள்.
அகரஞ்சேரிக்காரன் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான்.
"பேர் வெள்ளச்சி.
அதட்டினால் நிற்கமாட்டாள். கூப்பிட்டால் நிற்பாள்."
அப்பா என்னைப் பார்த்தார்.
"எழுதிக்கோ."
எங்கே எழுத? பற்றிலா, வரவிலா?
ஓரத்தில் எழுதினேன்.

அன்றிரவு போர்வைக்குள் அவர் கை நீண்டது.
அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.
எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை.

ஈசுவர வருஷம் ஐப்பசியில் மழை வந்தது.
மழையோடு வாந்திபேதி வந்தது.
மூன்று நாள் கிடந்தார்.
கடைசி நாள் அம்மா அந்தக் குழிவை அழுத்திக்கொண்டே இருந்தாள்,
அரை ரூபாய், அரை ரூபாய், அரை ரூபாய் என்று
ஒரு பெருந்தொகை ஆகும்வரை.

கருமாதி முடிந்ததும்
ஏகாம்பரம் அண்ணன் கிணற்றுப் பங்கைக் கேட்டான்.
கணக்குப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன்.
துண்டு செங்கேணிக்கு.
கண்டிச் சீமைக்குப் போன புருஷனிடமிருந்து
நாலு வருஷமாகக் கடுதாசி இல்லாதவள்.

செவ்வாய்க்கிழமை. சந்தையில் மாடு குறைவு,
ஆட்கள் இன்னும் குறைவு.
அக்கா துண்டை விரித்துக் கையை உள்ளே வைத்தாள்.
வைத்துக்கொண்டே நின்றாள்.
பொம்பளை கையை எவன் பிடிப்பான்?
ஒருவன் இருமினான்.
ஒருவன் வானத்தைப் பார்த்து மழை பேசத் தொடங்கினான்.

வெயில் ஏறிற்று. துண்டை உதறித் தோளில் போட்டாள்.
சந்தை மொத்தத்துக்கும் கேட்க,
"எருது. நாலு பல். சுழி சுத்தம்.
முப்பத்தெட்டு ரூபாய். எனக்குத் தரகு அரை."

பொய்கையில் ஒரு விலை
வாய்வழி வந்து எல்லார் காதிலும் விழுந்தது.
பழைய தரகர்கள் குனிந்துகொண்டார்கள்,
யாரோ துணியவிழ்ந்து நின்றாற்போல.
காட்பாடிக்காரன் முடிச்சை அவிழ்த்து
எல்லாரும் பார்க்க எண்ணி வைத்தான்.

நான் பக்கத்தைத் திறந்தேன்.
அக்கா விற்றவனிடம் கேட்டாள்,
"பேர் என்ன இதுக்கு?"

அவன் கயிற்றை விடாமலே முறைத்தான்.
"அதுக்கும் தரகு உண்டா, தாயே?"