இடப்பக்கக் கீழ்ச்சிறகு

வெள்ளைமணலில் மஹ்றூபாவின் கோழிகள்
பயிற்சி விமானமொன்றில் முட்டையிடுகின்றன.
முழு விமானமல்ல.
இடப்பக்கக் கீழ்ச்சிறகு மட்டும்:
பதினொரு விலா, இரண்டு நெடுஞ்சட்டம்,
துணி முக்கால்வாசி இல்லை.
கூட்டுக்குக் கூரையாய்ச் சாய்ந்து கிடக்கிறது
சீனக்குடா ஓடுபாதைக்கு முதுகு காட்டி.

குருநாகலில் ஒருவர் வாங்குவாராம்.
நாற்பத்திரண்டு ஏப்ரலுக்கு முந்தியதென்றால் இரட்டை விலை.
அந்த ஏப்ரலில்தான் இந்தக் குடாவில் குண்டு விழுந்தது.
விழுந்ததற்கும் விலை உண்டு.
என் கையில் ஒரு படிவம்,
அதில் ஒரு கட்டம்: உற்பத்தி ஆண்டு.
நான்கு இலக்கத்துக்கு மேல் இடமில்லை.

கோழிகளை விரட்டிவிட்டுக் குனிந்தேன்.
பெயர்த்தகட்டின் இடத்தில் இரண்டு ஆணித்துளை,
நடுவே வெயில் படாத ஒரு சிறு நீள்சதுரம்.
"அது பித்தளையெல்லோ," என்றாள் மஹ்றூபா,
"அது எப்பவோ போயிட்டு."

சட்டத்தின் வெட்டுமுனையை ஈரத்துணியால் துடைத்தேன்.
குளிர்நாட்டு மரம்.
ஊசிமுனையால் வளையங்களை எண்ணினேன், அறுபத்தொன்று.
அது மரம் நின்ற காலம்;
விழுந்த பிறகு மரம் எதையும் எழுதி வைப்பதில்லை.

பசையைச் சுரண்டிக் கரண்டியில் சுட்டேன்.
எழுந்தது புளித்த பால் மணம்.
ஒரு காலத்தில் சிறகுகளைப் பாலால்தான் ஒட்டினார்கள்,
வானத்தை அண்ணாந்தும் பாராத மாடுகளின் பாலால்.
"அப்ப இது தயிர்ச்சட்டி," என்று சிரித்தாள்.
மூன்றாம் விலாவில் அந்த மணம் இல்லை.
செங்கண்ணாடி போல ஒரு பசை, தண்ணீருக்கு அசையாதது.
பத்து வருடமாவது இளையது.

அவள் மகளிடம் நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர் இரந்து
பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன்.
வெள்ளி கரைந்தது. அடியில் மஞ்சள்.
அதனடியில் இன்னொரு மஞ்சள்.
மஞ்சள் என்றால்
படிக்கிற பிள்ளை வருகிறான், விலகுங்கள் என்று அர்த்தம்.
இரண்டு மஞ்சள் என்றால்
ஒருவராவது விலகவில்லை.

துணியில் ஒரு நூலைக் கொளுத்தினேன்,
காகிதம்போல் எரிந்து சாம்பலானது. பழசு.
ஓரத்து ஒட்டில் இன்னொன்று,
உருகிக் கறுப்பு மணியாய்ச் சுருண்டது.
குழம்பிப்போய் நின்றேன்.
"அது எங்கட குடைத்துணி,
மழைக்கு நான்தான் தைச்சன்."

பிறகு முடிச்சுகள்.
துணியை விலாவோடு கட்டிய நூல்
முதல் நான்கு விலாவில் தொழிற்சாலை ஒழுங்கு,
அளவுகோல் வைத்த இடைவெளி.
ஐந்திலிருந்து ஒன்பது வரை வேறொரு கை.
எந்தக் கையேட்டிலும் நான் காணாத முடிச்சு.
மூத்தவன் நுஸ்கி கொட்டியாரக் குடாவிலிருந்து
வலையோடு வந்தவன், எட்டிப் பார்த்து,
"இது நாங்க வலை பொத்துற முடிச்சு," என்றான்.
இழுத்துப் பார்த்தான். இறுகியது.
விரல் வைத்து அளந்தான், இரண்டு விரல், இரண்டு விரல்.

யாரோ ஒருவன்.
இந்தக் கரையிலிருந்து சைக்கிளில் போய்
நாட்கூலிக்குக் குந்தியிருந்து,
மீனைத் தடுக்கிற முடிச்சால்
காற்றைக் கட்டியிருக்கிறான்.
அவன் பெயருக்குத் தகடே அடிக்கவில்லை.
ஆண்டையும் முடிச்சு சொல்லவில்லை.

"நாப்பத்தொண்டு எண்டு போடுங்களன்,
ஆருக்குத் தெரியும்? ஓட்டுக்குத்தான் காசு,
கச்சான் காத்து பாதியைக் கொண்டுபோயிட்டு."

மேலே இன்றைய பயிற்சி விமானம் ஒன்று
இறங்கி, ஓடுபாதையைத் தொட்டு, மறுபடி ஏறியது.
பிறகும் இறங்கியது.
கோழிகள் ஒன்றும் நிமிரவில்லை.
ஒன்று திரும்பி வந்து ஐந்தாம் விலாவில் ஏறிக்கொண்டது.

கட்டத்தை வெறுமையாய் விட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன்:
பால், பிசின், மஞ்சள், மஞ்சள், வலை.
இடம் போதவில்லை, தாளைத் திருப்பினேன்.
"குடை எந்த வருஷம் வாங்கினது?"
மஹ்றூபா யோசித்தாள்.
"சுனாமிக்கு முந்தி.
இல்ல, பொறுங்க. பிந்தி."
அதையும் குறித்துக்கொண்டேன்.