வெற்று எடை

பகாவிலிருந்து ரொம்பின் போகும் சாலையில்
செம்பனை ஆலையின் எடைமேடை என் பொறுப்பு.
லாரி ஏறினால் ஓர் எண்,
பழம் கொட்டித் திரும்பினால் ஓர் எண்,
கழித்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
பதினோரு வருடமாய்.

ஆலை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
காவலுக்கு நின்ற தீபக்கிடம் சொல்லிவிட்டு
என் புத்ராவை மேடையில் ஏற்றினேன்.
தொண்ணூற்றாறு மாடல், இரண்டே கதவு.
பெரிய கிராணியின் மகன் கால்வாயில் இறக்கிவிட்டு
எடுக்க மறந்த கார்.
பின்சீட்டைக் கழற்றியாயிற்று,
ஸ்பேர் டயரும் வீட்டில்.
தரையில் ஒட்டியிருந்த தாரை
நாலு இரவு உட்கார்ந்து சுரண்டியிருந்தேன்.
ஆயிரத்து நாற்பது கிலோ.
சுரண்டுமுன் போட்ட எடையும் அதுதான்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.

'நானும் யுகனும் எங்கே உட்காருவது?' என்றார் கணவர்.
'பஸ்ஸில்' என்றேன்.
சிரித்தார். பிறகு
நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

இஞ்சின் கிள்ளானில் வாங்கியது.
ஜப்பானில் பாதியாய் வெட்டிக் கப்பலேற்றிய கார் ஒன்றின்
முன்பாதி.
டேஷ்போர்டு இடுக்கில் ஒரு பெட்ரோல் ரசீது.
எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது:
முப்பத்தெட்டு புள்ளி இரண்டு லிட்டர்.
யாரோ, தொட்டியை நிரப்பாமல் கிளம்பாத ஆள்.
என் சாதி.

பொருத்தி முடித்தும் மூன்று மாதம்
ஐடிலில் நிற்கவில்லை.
ஏறும், தணியும், தூக்கிப்போடும்,
ஜன்னி கண்டவன் மூச்சு மாதிரி.
சென்சார் மாற்றினேன். ப்ளக் மாற்றினேன்.
போனஸ் போன வழி தெரியவில்லை.
'சாமியை மாத்திப் பாருங்கக்கா' என்றான்
டயர் கடை அமுதன்.
கடைசியில் ஒரு புதன்கிழமை, சோறு உலையில் கிடக்க,
ஓடும் இஞ்சின்மேல் கார்ப் கிளீனரை
அங்குலம் அங்குலமாய்ப் பீய்ச்சிக்கொண்டே வந்தேன்.
ஒரு ரப்பர் குழாயின் வளைவில்
சட்டென்று குரல் மாறியது.
வளைவின் அடியில்,
கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் வெடிப்பு.
மூன்று வெள்ளி எண்பது காசு.
அன்று சோறு அடிப்பிடித்தது.

சனிக்கிழமை சிரம்பானில் டைனோ.
உருளைமேல் சங்கிலி போட்டுக் கட்டி
கென்னி லோ மூன்றுமுறை முழு மிதி மிதித்தான்.
தகரக் கூரை அதிர்ந்தது.
எடை போடுகிறவளை
யாரோ எடை போடுவதுபோல் கையைக் கட்டி நின்றேன்.
நூற்றுப் பதினொன்று.
நூற்று முப்பதென்று
கிள்ளான்காரன் சத்தியம் பண்ணியிருந்தான்.
'கோடு அழகா இருக்கு' என்றான் கென்னி,
பெண் பார்க்க வந்தவர்கள்
காப்பி நன்றாயிருக்கிறது என்பதைப்போல.

ஆனால் கோடு அழகாகத்தான் இருந்தது.
நாலாயிரத்து இருநூறில் முன்பு ஒரு பள்ளம்.
கேம் புல்லியை இரண்டு டிகிரி நகர்த்தினேன்,
என் ஸ்பேனர், என் மணிக்கட்டு, என் வலி.
பள்ளத்தை இப்போது காணோம்.

திரும்பும் வழியில், கோலப்பிலா தாண்டியதும்,
முன்னால் சிங்காரத்தின் லாரி.
பின்னாலிருந்தே தெரியும்,
வெற்று எடை ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது.
இப்போது குலை குலையாய்ப் பழம் முட்டிக்கொண்டு
முப்பதில் உருளுகிறது.
இரட்டைக் கோடு. வளைவு. மறுபடி வளைவு.
நூற்றுப் பதினோரு குதிரையையும்
இரண்டாம் கியரில் கட்டிப்போட்டு
பின்னாலேயே வந்தேன்.
உதிரிப்பழம் ஒன்று பானெட்டில் விழுந்து தெறித்தது.
இன்னும் ஆறேழு, சாலையோரம் ஓடின.
மேடை அதைக் கேட்கப்போவதில்லை.

பகாவ் விளக்கில் நின்றோம்.
ஐடில் எழுநூற்றைம்பது.
முள் அசையவில்லை.
யுகனின் பழைய சட்டையால் மீட்டரைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்,
அப்போதும் அசையவில்லை.

ஆலை முனையில் சிங்காரம் சிக்னல் போட்டு
கையை வெளியே நீட்டி
போ என்று வீசினார்.
ரப்பர் மரங்களுக்கு நடுவே நேர்ச்சாலை, காலியாக.
மூன்றாம் கியர்.
நாலாயிரம்.
பள்ளம் இருந்த இடம்
வந்ததும் தெரியவில்லை,
போனதும் தெரியவில்லை.