வாடகைச் சமதளம்

எங்கள் தெருவில் ஒரு கோலிக்குண்டு கைநழுவினால்
மேட்டுப்பாளையம் போய்த்தான் நிற்கும்.
கோத்தகிரியில் இப்படியொரு தெருவில் பிறந்துவிட்டு
சக்கரம் வைத்த ஷூவுக்கு ஆசைப்பட்டாள் தர்ஷிகா.

மலையில் சமதளம் சும்மா கிடைப்பதில்லை.
குன்னூரில், பெட்போர்டுக்குக் கீழே,
ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறச் சிமெண்டுத் தரையை
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருக்கிறார் டேனியல் மாஸ்டர்.
செவ்வாய், வியாழன், ஐந்தரை முதல் ஆறரை.
மாதம் ஆயிரத்து எண்ணூறு,
பத்தாம் தேதிக்குள்.

முகூர்த்த நாளில் வகுப்பு இல்லை,
தரை முழுக்கப் பந்தி நடக்கும்.
அதற்காகக் காசு குறையாது.
நான் ஃபேக்டரியில் பச்சை இலை எடை எழுதுகிறவள்.
மழை நாளில் மூட்டைக்கு இவ்வளவு என்று
ஈரத்துக்குக் கழித்துத்தான் பதிவேன்.
மாஸ்டரின் நோட்டில் ஈரக் கழிவு என்றொரு வரி கிடையாது.

இலை கிலோ இருபது என்று வைத்துக்கொண்டால்
இவள் ஒரு மாதம் வட்டமடிக்கத் தொண்ணூறு கிலோ.
பஸ் தனி. ஹெல்மெட், முட்டிக்கு, முழங்கைக்குத் தனி.
ஷூ நாலாயிரத்து அறுநூறு.
ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கட்டுமா என்று கேட்டேன்.
கால் உடையும் என்று சிரித்தார்.
அன்று ராத்திரி, தூங்குகிறவளின் பாதம்
வளர்ந்திருக்கிறதா என்று
முதன்முதலாகப் பயத்தோடு பார்த்தேன்.

நாலு மணிக்கு சூப்பர்வைசரிடம் அனுமதி.
ஈடாக என் சனிக்கிழமை மதியங்கள் அவரிடம் அடகில்.
நாலு இருபது பஸ்,
வாழைப்பழம்,
பின் சீட்டில் கணக்கு ஹோம்வொர்க்.
கட்டபெட்டு தாண்டும்வரை வளைவுக்கு ஒரு எண் சாயும்.
"கையெழுத்தில் கவனம் தேவை" என்று
சிவப்பில் எழுதி அனுப்பியிருந்தார் மிஸ்.
கையெழுத்துக்கும் வகுப்பு இருக்கிறதாம்,
ஞாயிறு காலை.

மண்டபத்துப் படியில் காத்திருப்போம்:
வெலிங்டனில் நர்ஸாக இருக்கும் ரோஸலின்,
கேரட் இறக்கிவிட்டு பிக்கப்பைக் கழுவாமலே வருகிற போஜன் அண்ணா
(மகன் உட்காரும் இடத்தில் மட்டும் புதுச் சாக்கு),
நான்.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வர்க்கி.
மஞ்சு இறங்கிவிட்டால் பிள்ளைகள் தெரியமாட்டார்கள்,
சக்கரச் சத்தம் மட்டும் சுற்றும்.
எது யாருடையது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவோம்.
மற்றபடி என்ன பேசினோம் என்பது நினைவில்லை.
அந்த ஒரு மணி நேரம்
என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

போன வியாழன் திரும்பும்போது
ரோட்டை அடைத்துக்கொண்டு நாலு காட்டுமாடு.
டிரைவர் இன்ஜினை அணைத்தார், விளக்கையும்.
இருட்டில் தர்ஷிகா சொன்னாள்,
"அடுத்த மாசத்துலேருந்து வேண்டாம்மா."
கால் வலிக்குதா?
"இல்ல. சுத்திச் சுத்தி
அதே எடத்துக்குத்தானே வருது."

தோளிலிருந்து தொண்ணூறு கிலோ இறங்கியது.
மனசுக்குள் அப்போதே சீட்டுத் தவணை கட்டினேன்,
குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டேன்,
ஷூவைப் பாதி விலைக்கு
ரோஸலின் சின்னவளுக்குக் கேட்பாளா என்றுகூட.
அப்புறம்
செவ்வாய் ஐந்தரைக்கு நான் எங்கே இருப்பேன் என்று தேடினேன்.
அடுப்படி தெரிந்தது. அதன் பக்கத்தில் துவைக்கிற துணி.

ஒரு மாடு நகர்ந்தது. மற்றவை அசையவில்லை.

பத்தாம் தேதி வரைக்கும் யோசி, என்றேன்.
"யோசிச்சுட்டேன்."
இன்னொரு தடவை யோசி.
"உனக்குத்தான காசு கஷ்டம்?"
பேசாமல் இருந்தேன்.

டிரைவர் விளக்கைப் போட்டார்.
தர்ஷிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
தராசு முள் நிற்கட்டும் என்று
நான் பார்ப்பதைப் போலவே.
ஈரத்துக்கு எவ்வளவு கழித்தாளோ.