ஒற்றைக் கோடு

நெறிமுறை வகுப்பு காலை எட்டு மணிக்கு.
ஜூனில் எங்கள் ஊருக்குப் பத்து மணிக்குத்தான் விடியும்.
புன்டா அரேனாஸில் பெருங்காற்று அடித்தால்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
யெர்கோ அன்றைக்குக் கயிற்றைப் பிடிக்கவில்லை,
போர்வையைப் பிடித்துக்கொண்டான்.

வருகைத் தாள் என்னிடம் வந்தது.
என் பெயருக்கு நேரே என் கையெழுத்து,
அவன் பெயருக்கு நேரே அவன் கையெழுத்து,
இரண்டும் என் பேனாவில்.
அவனுடைய கடைசிச் சுழிப்பு
அவனைவிட எனக்கு நன்றாக வரும்.

டாக்டர் மிர்னா பர்ரியா சொல்லிக்கொண்டிருந்தார்:
பதிவேட்டில் பிழை எழுதினால் அழிக்காதீர்கள்.
வெள்ளை மை பூசாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள்.
குறுக்கே ஒற்றைக் கோடு.
அடியில் இருப்பது தெரிய வேண்டும்.
பக்கத்தில் நேரம், உங்கள் பெயர்.

இதற்கு ஒரு மணி நேரமா என்றிருந்தது எனக்கு.
ஜன்னலுக்கு வெளியே நீரிணை
இன்னும் இருட்டாகவே கிடந்தது.

மூச்சு 16.
அது எங்கள் வார்டின் எண்.
ஏழாம் கட்டிலுக்கு 16, எட்டுக்கு 16,
ஒன்பதுக்கு, மனச்சாட்சிக்காக, 18.
நாடியைக் கருவி சொல்லிவிடும்,
அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும்.
மூச்சைத்தான் ஒருவர் பக்கத்தில் நின்று
முழுதாக ஒரு நிமிடம்
இன்னொருவரின் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும்.
இருபத்தெட்டுக் கட்டில்,
இருபத்தெட்டு நிமிடம்,
யாரிடம் இருக்கிறது?

பதினொன்றாம் கட்டில் ரோசால்பா ஒயார்சோ.
வயது நாற்பத்தொன்று. நண்டுத் தொழிற்சாலை.
பித்தப்பை எடுத்து மூன்றாம் இரவு.
விரல்களில் ஓட்டு முள் கிழித்த வெள்ளைத் தழும்புகள்.
நான் எழுதி மாட்டிய அட்டையை
எட்டி எடுத்துப் படித்தாள்.

‘இதை எப்போது எண்ணினீர்கள்?’
‘நீங்கள் தூங்கும்போது.’
‘நான் தூங்கவே இல்லையே.’

கோபம் இல்லை அதில்.
பன்னிரண்டு என்று எழுதிவிட்டு
பதினோரு நண்டு வைப்பவர்களை
நாள்தோறும் பார்த்த குரல்.
‘எங்கள் பெட்டியை’ என்றாள்,
நிறுத்தினாள்,
‘எடை போட்டுவிடுவார்கள்’ என்றாள்.

அந்த நிறுத்தம்தான்.
ஐந்து சொல்லுக்கு ஒரு மூச்சு போதவில்லை அவளுக்கு.

கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன்.
போர்வையின் கட்டம் போட்ட மடிப்பு
ஏறியது, இறங்கியது.
ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா?
எண்ணி முடித்தேன்: 26.

பணி மருத்துவரை எழுப்பினேன்.
ஆக்சிஜன் வந்தது, சக்கரக் கட்டில் வந்தது,
படமெடுக்கக் கீழே கொண்டுபோனார்கள்.
அவசரப் பிரிவிலிருந்து யெர்கோ ஓடிவந்தான்,
அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
‘ஒன்றரை மணிக்கு 16 என்றா எழுதியிருக்கிறாய்?
ஆறு அப்படியே இருக்கட்டும்.
ஒன்றை இரண்டாக்கு.
சுழிப்புதான் உனக்கு நன்றாக வருமே.’

நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.
எனக்காக அவனும் செய்வான், எத்தனை முறை வேண்டுமானாலும்.

நான் கோடு போட்டேன்.
கை நடுங்கியதில் கோடும் நேராக இல்லை.
அடியில் 16 நன்றாகவே தெரிந்தது,
நான் விரும்பியதைவிட நன்றாக.
பக்கத்தில் எழுதினேன்: எண்ணவில்லை.
3.20. 26. டானிட்சா குசானோவிச்.

நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார்கள்.
ஒன்றரை மணிக்கே எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
அவள் திரும்பி வந்தாள், ஆறு நாள் கழித்து, வேறு வார்டுக்கு.
நான் போய்ப் பார்க்கவில்லை.
இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வருகைத் தாள் இன்னும் பாக்கி.
டாக்டர் பர்ரியா அறையில், நீலக் கோப்பில் இருக்கிறது.
நேற்றுக் காற்று. கயிறு கட்டியிருந்தார்கள்.
பிடித்துக்கொண்டே அந்தக் கதவு வரை போனேன்.
இரண்டு முறை.