மூன்றாவது கேபிள்

ஆன்டாப் ஹில், நான்காவது மாடி, ஜூலை.
சுவருக்கு வியர்க்கிறது.
நாளை இரவுக்குள் பில்டருக்குக் கடல் தெரியும் பால்கனிகள்
பதினான்கு வரைந்து தரவேண்டும்.
(உண்மையில் அங்கிருந்து தெரியப்போவது வடாலா உப்பளம்.)
ஒவ்வொரு அலைக்கும் நாற்பது நிமிடம் யோசிக்கிறது
என் பழைய கார்டு.
அதனால்தான் இந்தப் புதுசு:
மூன்று விசிறி, பதினொரு தவணை.

சுவர் ஸ்விட்சை அணைத்தேன். பெட்டியின் பின் ஸ்விட்சையும்.
நம்பிக்கை வராமல் பிளக்கையே உருவினேன்.
பிறகும் பவர் பட்டனை அழுத்தினால்
உள்ளே ஒளிந்திருந்த கொஞ்சம் மின்சாரம்
ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டுப் போனது.
கேஸின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன்.
மழைக்காலத்தில் தேவையில்லை என்பார்கள்,
தொட்டால் குறைந்தா போகும்.

கார்டுக்கு மூன்று வாய்.
வாய்க்கு எட்டுத் துளை.
சப்ளையோடு வந்த கேபிள் இரண்டுதான்,
அதில் ஒன்றுக்கு ஒரே உடம்பில் இரண்டு தலை.
இரண்டையும் மாட்டலாம், மாட்டுகிறார்கள்,
ஒரு கழுத்து இரண்டு தொண்டைக்கு ஊட்டிச் சூடேறும்
என்று தெரிந்தே மாட்டுகிறார்கள்.

பரணில் ஒரு கேபிள் இருந்தது.
செத்துப்போன பழைய சப்ளையுடையது, வேறு கம்பெனி.
தூசி தட்டி வைத்துப் பார்த்தேன்.
கிளிக்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

அப்போதுதான் சந்தனமாரி
நைட் ஷிஃப்ட் முடிந்து குடையை உதறிக்கொண்டு வந்தாள்.
சயான் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை.
விஷயத்தைச் சொன்னேன்.
சோறு வடித்தபடியே சொன்னாள்:
"எங்க பை எல்லாமே செவப்புதான்டி."

உருவினேன்.
கம்பி அத்தனையும் கறுப்பு;
எதில் பன்னிரண்டு வோல்ட், எது எர்த்,
முகத்தில் எழுதியில்லை.
மீட்டரின் ஒரு முள்ளை இந்த முனையில் வைத்து
மறுமுனையில் துளை துளையாகத் தேடினேன்.
என் கேபிளில் பீப் கேட்ட இடத்தில்
பரண் கேபிள் ஊமை.
அது கூவியது எதிர்வரிசையில்.

வெளியே உருவம் ஒன்று, உள்ளே வரிசை வேறு.
பிளக்கை மட்டும் சொருகியிருந்தேன் என்றால்
பதினொரு தவணையும் ஒரு நொடியில்
கட்டி முடித்திருப்பேன்.

ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர்.
பஸ் திரும்பிவிட்டது. தாதருக்கு நடந்தேன்,
கிரான்ட் ரோட்டில் இறங்கி லாமிங்டன் ரோடு.
கடைக்காரர் ஜவேரி, "கம்பெனி பேர் போதாது,
மாடல் சொல்லுங்க" என்றார் இந்தியில்.
சப்ளையின் விலாவில் ஒட்டிய ஸ்டிக்கரைப்
படமெடுத்து வந்திருந்தேன்.
மீன்காரி செவுளைத் திறந்து காட்டுவதுபோல்
போனைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
அறுநூற்றைம்பது ரூபாய்.
இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆறும் இரண்டுமாய்ப் பிளந்த தலையை
விரலால் சேர்த்துப் பிடித்து, கோணாமல்,
கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தி,
கிளிக்.
கிளிக்.
மூன்றாவது சத்தம் மழையில் கேட்கவில்லை,
எடுத்து மறுபடி மாட்டினேன்.
கிளிக்.
டார்ச் அடித்தேன், இடுக்கில் வெளிச்சம் நுழையவில்லை.
லேசாக இழுத்தேன், வரவில்லை.
கழுத்தருகே மடக்காமல் விட்டதில்
பக்கவாட்டுக் கண்ணாடி மூடவில்லை.
திறந்தே கிடக்கட்டும்.

சந்தனமாரி ரப்பர் செருப்போடு மெயின் ஸ்விட்சருகே நின்றாள்,
கை அதன் மேலேயே.
போட்டேன்.

திரை வந்தது. விசிறி சுற்றவில்லை.
மூன்றும் சும்மா நின்றன.
குனிந்து மோந்து பார்த்தேன்.
கருகல் இல்லை, புது ரப்பர் வாசனை,
பக்கத்து வீட்டு பொம்பில் வாசனை.
"அணைக்கவா?" என்றாள்.
"இரு" என்றேன், ஏன் என்று தெரியாமல்.

பதினான்காவது பால்கனியைத் திறந்தேன்.
கம்பிக்கு அப்பால் முதல் அலை
கட்டம் கட்டமாகக் கூடத் தொடங்கியபோது
ஒரு விசிறி அசைந்தது.
பிறகு மற்ற இரண்டும்.
அவள் கையை எடுக்கவில்லை.