பதினேழாம் அறை

மொத்தமே நாற்பத்தெட்டுக் கிலோபைற்.
நேற்றுக் கைபேசியில் நான் எடுத்த
முருங்கைக்காய்க் கட்டின் படம்
இதைவிட அறுபது மடங்கு பாரம்.
இதற்குள் ஒரு தொப்பிக்காரன்,
மூன்று உயிர்,
உறையில் போட்டிருந்தபடி இருபது அறைகள்,
என் அண்ணையின் ஒரு கோடை.

எமுலேற்றரை இறக்க மூன்று நிமிடம்.
றோம் இல்லை என்றது.
றோம் கிடைத்தால் சத்தம் இல்லை.
சத்தம் வந்ததும் தொப்பிக்காரன்
பேய் பிடித்தவன்போல் ஓடித் தண்ணிக்குள் விழுந்தான்.
வேகம் நானூறு வீதம் என்று கிடந்தது.
நூறுக்கு இறக்கினேன்.
ஓ இடம், பீ வலம், பாய நீளச் சாவி.

கசெற்றை உடனே ஏற்றவா,
அந்த நாள் வேகத்தில் ஓடவிடவா என்று கேட்டது.
ஓடட்டும்.
திரையின் ஓரமெல்லாம் சிவப்பும் வெளிர்நீலமும்,
பிறகு நீலமும் மஞ்சளும்.
அந்தக் கீச்சைக் கேட்டுப்
பக்கத்து வளவு நாய் எழும்பிக் குரைத்தது.
கொக்குவிலில் இரவு பதினொன்றரை.

எண்பத்தேழு, ஆடி.
லண்டனிலிருந்து வந்த ரப்பர்ச் சாவிப் பெட்டி,
கறுப்பு வெள்ளை ரீவி,
கதிரை நுனியில் கேதாரண்ணை.
பதினேழாம் அறையின் ஏணியில் அவன் ஏறிய அதே கணம்
கிணற்றடியில் நான் மோட்டரைப் போட்டேன்.
போட்டது மெய். மறுக்கவில்லை.
லைற் ஒருக்கால் மங்கி வந்தது.
உள்ளே ஓர் "ஐயோ".
போய்ப் பார்த்தால்
தொப்பிக்காரன் ஒரு கால் அந்தரத்தில்.

பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை.
ஐப்பசியில் சண்டை வந்தது.
பிறகு கரண்டும் போனது.
பெட்டியின் ரான்ஸ்போமரை ரேடியோவுக்கென்று
யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.
அண்ணை ஒஸ்லோவுக்குப் போனான்.
குற்றம் மட்டும்
ஒரு கீறலும் படாமல் இருந்தது.
என் கலியாணத்தன்று எடுத்த கோலிலும் சொன்னான்.
பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறான்:
அதுகளுக்கு நான் மோட்டர் மாமி.

ஒருநாளும் என்னைத் தொடவிட்டதில்லை அவன்.
முதுகுக்குப் பின்னால் நின்றே வழி பாடம்:
ஒன்பதில் நண்டு,
பன்னிரண்டில் மிதித்தால் உதிரும் படி.
ஆறு இரவு விளையாடினேன்.
சாகிற இடம் வருமுன் ஒவ்வொரு தடவையும்
நிலையைச் சேமித்தேன்.
வெட்கமில்லை.
ஐம்பது வயதில் மூன்று உயிர் காணாது.

இன்று பதினேழு.
மோட்டர் பிளக்கைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
லப்ரொப்புக்குப் பற்றரி இருக்கிறது, தெரியும்.
இருந்தும் வைத்தேன்.
ஏணியின் கடைசிப் படி.
பீயை அமத்தினேன்.

ஒரு கால் அந்தரத்தில்.
ஒரே சுருதியில் நீண்ட கீ.

திரும்ப ஏற்றினேன். அதே படி.
வேகத்தைப் பாதியாக்கினேன். அதே கால்.
எழுதினவன் எங்கோ
ஓர் இலக்கத்தைப் பிழையாய் எழுதிவிட்டான்.
பதினெட்டாம் அறையை ஒருவரும் கண்டதில்லை.
காணவும் ஏலாது.

முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு முப்பத்தெட்டு வருடம் வந்தது.

படிக்கு ஓரடி முன்னால் சேமித்ததை
ஒஸ்லோவுக்கு அனுப்பினேன்.
"பீயை அமத்து" என்று மட்டும் எழுதி.
இரண்டு நீலச் சரி விழுந்தது.
அங்கே இன்னும் வெளிச்சமாயிருக்கும்.
ஐந்து நிமிடம்.
பத்து.

தொட்டியில் தண்ணி இல்லை.
பிளக்கைக் கொண்டுபோய்ச் செருகினேன்.
பைப் இரண்டு தரம் இருமி
ஊற்றத் தொடங்கியபோது
கைபேசி அதிர்ந்தது:

"உண்மையைச் சொல்லு,
அங்கை இப்ப மோட்டர் ஓடுதோ?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது.