நாற்பத்தெட்டரை

கண்டனூர் சுகாதார நிலையத்தில் இருந்த வரைக்கும்
மாதம் ஒரு கடி, மிஞ்சினால் இரண்டு.
பல மாதம் வெறும் பூஜ்யம்.
பதிவேட்டை ஒருநாள் கட்டமிட்டு வரைந்தேன்:
பூஜ்யத்தின் சுவரோரம் முதுகை ஒட்டி
வலப்பக்கம் மட்டும் வாலை நீட்டிப்
படுத்திருந்தது ஒரு சாரை.
இடப்பக்கம் அதற்குப் போக்கிடம் இல்லை.
ஆளே இல்லாத கணக்கில்கூட
பூஜ்யத்துக்குக் கீழே எந்தப் பாம்பும் கடிப்பதில்லை.

பாய்சான் பரவல் என்று படித்திருக்கிறேன்.
யாரோ வெளிநாட்டுக்காரர் பெயர்.
எனக்கென்னவோ அந்தப் பெயரிலேயே
ஒரு பாய்ச்சல் கேட்கும்.

ஆனியில் காரைக்குடிக்கு மாற்றல்.
மருந்துக் கிடங்குச் சாவி என் இடுப்பில்.
புதுவயல் ஆலைகளில் நெல்லுக்கு எலி வரும்,
எலிக்குப் பின்னால் அது வரும்.
பூட்டிய பெரிய வீடுகளுக்குக் காவல் படுப்பவர்கள்,
கண்மாய்க் கரையில் மாடு பிடிக்கப் போனவர்கள்,
ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதத்துக்கு
பத்து வருஷச் சராசரி முப்பத்தாறு.
வர்க்கமூலம் ஆறு. விலகலும் அதுவே.

கண்டனூரில் சுவரோடு கிடந்த சாரை
இங்கே முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.
முப்பத்தாறில் உச்சி,
இரண்டு பக்கமும் ஒரேபோல் தோள் சரிந்து
கவிழ்த்து வைத்த கோயில் மணி.
தெருவுக்கு ஆறு பேர் என்று வைத்தால்
பூஜ்யம் ஆறு தெரு தள்ளி இருக்கிறது.
சுவர் இடிக்காது இனி.

மணி வேண்டாம், நேராகவே போடு என்றால்
நாற்பத்தெட்டின் காரணீயப் பெருக்கம்!
அடகுக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த
எட்டு இலக்கக் கால்குலேட்டர்
பன்னிரண்டிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும்.

ஆகவே மணி. ஆனால் மணிக்கு ஒரு குறை,
எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் கோடு தெரியாது அதற்கு.
பாம்போ அரை ஆளைக் கடிப்பதில்லை.
ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை நினைத்துக்கொண்டேன்.
நாற்பத்தெட்டு ஒரு புள்ளி அல்ல, ஒரு கல்.
நாற்பத்தேழரையில் தொடங்கி
நாற்பத்தெட்டரையில் முடிகிற ஒரு முழுக் கல்.
பூவின் நடுவே வெட்டாதே,
ஓரம் வரைக்கும் போ.

பன்னிரண்டரையை ஆறால் வகுத்து
அட்டவணையில் விரலை ஓட்டினால்,
நாற்பத்தெட்டு பேருக்கு மருந்து வைத்திருந்தும்
கை விரிக்க நேர்வது
நூறு மழைக்காலத்தில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆய்வகத்து ரபியுதீன் கணினியில்
பாய்சானையே முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.
"இரண்டே கால்."
டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்,
"உங்க மணி கொஞ்சம் நல்ல மனசுக்காரி, மெய்யம்மை."
அந்தக் காலும் கொஞ்சமும்தான் வால்.
முற்றத்துக்கு வந்தாலும் சாரை சாரைதான்,
எவ்வளவு பெருத்தாலும் வலப்பக்கம்
ஒரு விரல் மிச்சம் நீட்டியிருக்கும்.

நாற்பத்தொன்பது பேர், ஆளுக்குப் பத்துக் குப்பி,
நானூற்றுத் தொண்ணூறு என்று எழுதி அனுப்பினேன்.
சிவகங்கையிலிருந்து போன்:
"ஏம்மா, முழுசா ஐந்நூறுன்னு போட்டா என்ன?"
முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டவருக்கு
அந்தப் பத்துக் குப்பிதான் உறுத்தியது.

நேற்று கார்த்திகை பதினேழு, விடாத மழை.
இருபத்தொன்பதாவது ஆள் வந்தார்,
ஆலையில் மூட்டை தைக்கிற சீதேவி.
கணுக்காலில் சுருட்டை.
ஏழாவது குப்பியை உடைத்துக் கொடுக்கும்போது கேட்டார்,
"இன்னிக்கு எத்தனை பேருக்குங்க?"
உங்களுக்கு மட்டும்தான் என்றேன்.
"ஆலையில நாங்க நாப்பது பேரு நின்னோம்"
என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

இதற்கு என் அட்டவணையில் வரி இல்லை.
பதிவேட்டில் ஒரு கோடு போட்டேன்.
மழைத் தண்ணீர் கிடங்கு வாசல்வரை வந்திருந்தது,
சாக்கை மடித்து இடுக்கில் செருகினேன்,
தண்ணீருக்காக மட்டும் அல்ல.